கடைசி வரியைப் பார்த்தால் போதும்

எடை இயந்திரம் செய்து விற்கும் அந்தக் கம்பெனியின் புகார்க் கடிதப் பிரிவில் மூன்று மேசைகள். ஒன்று பிரிவுத் தலைவருடையது. மேலே கண்ணாடி போட்டிருக்கும், ஜன்னல் பக்கம் இருக்கும், வேலை இருக்காது. இரண்டாவது, கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அலமாரி அண்ணனுடையது. மூன்றாவது, யாராவது கதவைத் திறந்தால் முழங்கையில் இடிக்கிற மேசை. அது கடுதாசி அக்காவுடையது. கம்பெனிக்கு வருகிற வசவுகள் அத்தனைக்கும் அந்த மூன்றாவது மேசையிலிருந்துதான் இருபத்திரண்டு வருடமாக மரியாதை போய்க்கொண்டிருந்தது.

வசவு என்றால் சாதாரண வசவு இல்லை. தராசு பொய் சொல்கிறது என்று தோன்றிவிட்டால் மனிதர்களுக்கு வருகிற கோபமே தனி. "நான் ஒரு வாரமாகப் பட்டினி கிடக்கிறேன், உங்கள் சனியன் பிடித்த மெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது" என்று ஒரு பெண்மணி எழுதுவார். "என் மனைவியின் எடையை நான் சத்தமாகப் படித்துவிட்டேன். மூன்று நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதற்கு யார் பொறுப்பு?" என்று ஒரு கணவர் கேட்பார். அக்கா இரண்டையும் படித்து, ஒரு மடக்குத் தேநீர் குடித்து, விசைப்பலகையில் கை வைப்பாள். "தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் இல்லத்தில் நேர்ந்த சிரமத்துக்கு எமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். எனினும், தங்கள் இயந்திரம் மிகச் சரியாகவே இயங்குகிறது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்." வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அக்கா கடப்பாரையே ஏற்றுவாள். பழத்துக்குத் தெரியாது.

மரியாதை முழுவதும் ஆபீஸிலேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் இருக்காது. அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாந்தமான மனிதர், ஊரில் பாதிப் பேரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தவர். அவரை அவள் "இந்தச் சட்டையைக் கழட்டி எறிங்க, பாக்கச் சகிக்கல" என்பாள், "வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்பாள். "நானும் உங்க கம்பெனில ஒரு மெஷின் வாங்கிப் புகார் எழுதிடட்டுமா? 'தங்கள் மேலான'ன்னு ஒரு தடவையாவது கேட்டுட்டுச் சாவேன்" என்பார் அவர். அப்படி ஒரு புகார் வந்தால் அதை எங்கே போடுவது என்று தனக்குத் தெரியும் என்பாள் அவள்.

எங்கே போடுவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவளே உண்டாக்கிய முறை. வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் கோப்பில் இருக்க வேண்டும். எந்தக் கோப்பு என்று முடிவு செய்ய அலமாரி அண்ணன் முழுக் கடிதத்தையும் படிப்பார். அவர் படிப்பது, பல் இல்லாதவர் முறுக்குத் தின்பது மாதிரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "இத்தனையும் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் அக்கா." வயதில் அவர்தான் நான்கு வருடம் மூத்தவர். ஆனால் ஊரே கூப்பிடுகிறதென்று அவரும் அக்கா என்பார், அவள் அவரை அண்ணன் என்பாள். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போய் இரண்டு பேருக்கும் வணக்கம் வைப்பார்கள்.

"முழுசா எதுக்குண்ணே படிக்கறீங்க?" என்றாள் அக்கா. "மேல யாருக்குன்னு பாருங்க, கீழ கடைசி வரியைப் பாருங்க. போதும். அதை வெச்சே எங்க போகணும்னு தெரியற மாதிரி நான் எழுதிடறேன்."

அன்றிலிருந்து கடிதத்தின் முடிவுகள் மூன்று வகை ஆயின. "தங்கள் உண்மையுள்ள" என்று முடிந்தால் சாதாரணக் கடிதம், மாதக் கட்டில் போட வேண்டும். அந்தக் கடிதங்களில் உண்மை எவ்வளவு இருந்தது என்று யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. "தங்கள் நலம் நாடும்" என்று முடிந்தால் தப்பு கம்பெனியுடையது. நகல் பட்டறைக்குப் போகும், மெக்கானிக் கிளம்புவார். "மிகுந்த மரியாதையுடன்" என்று முடிந்தால், பெறுகிறவர் பைத்தியம் என்று அர்த்தம். அவருக்கு ஒரு எண் கொடுத்து, பெயர் எழுதி, பின்னறை இரும்பு அலமாரியில் தனிக் கோப்பு திறந்துவிட வேண்டும். அதன் பிறகு அவருக்குப் போகிற தாளானாலும் அவரிடமிருந்து வருகிற தாளானாலும் நேரே அந்தக் கோப்புக்குத்தான். யாரும் படிக்க வேண்டாம், பதிலும் கிடையாது.

இரும்பு அலமாரியில் நாற்பத்தொரு பேர் குடியிருந்தார்கள். முதல் தட்டு முழுக்க ஒருவருக்கே. ஒற்றைக்காலில் நின்றால் எடை பாதியாக வேண்டாமா, ஏன் ஆகவில்லை என்று பதினோரு வருடமாக வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் அவர். அண்ணன் அவற்றைப் பிரிக்காமலே அடுக்குவார். ஆள் எவ்வளவு மோசமோ அவ்வளவு மரியாதை என்பது பிரிவுக்குள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சட்டம்.

அக்காவுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. பிடிக்காத ஒன்றே ஒன்று, கீழே கையெழுத்து அவளுடையது இல்லை என்பது. எழுதுவது அவள், கையெழுத்துப் போடுவது ஜன்னல் ஓரத்துத் தலைவர். அவள் கையெழுத்து விழுவது கோப்புக்குப் போகிற நகலில் மட்டும். வெகுகாலம் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமைக்கிறவள்தான் பரிமாற வேண்டும் என்று சட்டமா என்று இருந்தாள். ஒரு மளிகைக் கடைக்காரியின் கடிதம் வந்தபோதுதான் அது மாறியது.

அந்தக் கடைக்காரியின் தராசு பழுதாகி எடை குறைத்துப் போட்டிருக்கிறது. தெருவே அவளைத் திருடி என்றது. புகாரைப் படித்த அக்கா அன்றைக்கு ஊசியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "தவறு முழுவதும் எங்கள் இயந்திரத்தினுடையது. தங்கள் நேர்மையில் எள்ளளவும் மாசில்லை. இக்கடிதத்தைத் தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்" என்று எழுதி, "தங்கள் நலம் நாடும்" என்று முடித்தாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. "மரியாதைக்குரிய ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தெரு முழுக்கப் படித்துவிட்டது. உங்களைப் பெற்ற வயிறு குளிரட்டும்." தலைவர் அதைப் படித்துத் தன் தாயின் வயிற்றை நினைத்துக் கண் துடைத்துக்கொண்டார். கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "ஒரு நன்றிக் கடிதம் எழுதிடுங்கம்மா, கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்" என்றார். அக்கா அடக்கமாக எழுதிக் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் காரணம் இல்லாமல் கணவரைத் திட்டினாள், பிறகு காரணத்தைச் சொல்லி அழுதாள்.

அந்தத் தலைவர் ஓய்வு பெற்றதும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். பிரிவுத் தலைவர் பதவிக்கு விரும்புகிறவர்கள் உள் தபால் வழியாக முதலாளிக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தக் கம்பெனியில் எல்லாமே எழுத்தில்தான். முதலாளியின் அப்பா காலத்துப் பழக்கம். மாடியில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு வெளியே போகிற கடிதம் வேண்டுமென்றால் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்வார், அக்கா எழுதுவாள், அது தனி அட்டையில் வைத்து நேரே அவர் கையெழுத்துக்குப் போகும். மற்ற எல்லாத் தாளும் அலமாரி அண்ணன் கை வழியாகத்தான் மேலே ஏறும், கீழே இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் விண்ணப்பத்தைக் கையாலேயே எழுதினாள். விஷயம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. எப்படி முடிப்பது என்பதில்தான் மத்தியானம் முழுக்கப் போயிற்று. "தங்கள் உண்மையுள்ள" என்று போட மனம் வரவில்லை, அந்த வரிக்கு மேலே அத்தனை பொய் எழுதியிருந்தாள். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று போட்டால் கணவரே சிரிப்பார். முதலாளியின் நலத்தை நாட அவளுக்கு என்ன உரிமை? கடைசியில், உண்மையிலேயே நெஞ்சில் இருந்ததை எழுதினாள்: "மிகுந்த மரியாதையுடன்." கீழே கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்தாள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

ஒரு மாதம் ஆயிற்று. கிணற்றில் போட்ட கல். நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதினாள். அடுத்த மாதம் இன்னொன்று. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முதலாளி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பார். "இருக்கேன் சார்" என்பாள். இவ்வளவு நடிப்பு எங்கே கற்றுக்கொண்டார் இந்த மனுஷர் என்று வயிறு எரியும். மூன்று கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. இல்லை என்று சொல்லக்கூடத் தகுதி இல்லாதவளா நான் என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. பழிவாங்கவும் செய்தாள். இரும்பு விற்பவருக்கு முதலாளி சார்பில் எழுதிய கடிதத்தில் "தாழ்மையுடன்" என்பதை மூன்று இடத்தில் நுழைத்தாள். இவ்வளவு தாழ்ந்தால் இன்னும் கொஞ்சம் அமுக்கலாமே என்று அந்த ஆள் விலையை ஏற்றிவிட்டான்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளேன்" என்றார் கணவர். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

"எழுதினதுக்கே பதில் போடாத மனுஷன்கிட்ட வாயால போய்ப் பிச்சை கேக்கணுமா? உங்க கடைல கண்ணாடிய மாட்டிட்டுப் பதில் சொல்லாமப் போறவங்க பின்னால நீங்க ஓடுவீங்களா?"

"ஓடுவேன். கண்ணாடி என்னோடது" என்றார் அவர்.

நான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. "அம்மா, ஒரு நியமனக் கடிதம் வேணும்" என்றார் முதலாளி. "உங்க பிரிவுத் தலைவர் பதவிக்குத்தான். எங்க வீட்டம்மாவோட தங்கை பையன். 'உள்ளிருந்து விண்ணப்பம் எதுவும் வராத காரணத்தால்'னு ஆரம்பிச்சுடுங்க. நாலு மணித் தபால்ல போகணும்."

முதல் வரியைத் தட்டத் தொடங்கிய அக்காவின் கை பாதியில் நின்றது. எதுவும் வரவில்லையா? தரமாட்டேன் என்றால் புரியும், வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பொய் சொல்வதானால் முதலாளி அவளைக் கேட்டு எழுதி வாங்கித்தான் சொல்வார். சொந்தமாகச் சொல்ல வராது. அப்படியானால் இது நிஜம்.

திரும்பிப் பார்த்தாள். அலமாரி அண்ணன் அமைதியாகத் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் முதலாளிக்கு எழுதின கடிதமெல்லாம் எங்க?"

"நாப்பத்திரண்டுல இருக்கு அக்கா" என்றார் அவர், மணி கேட்டதற்குச் சொல்வதுபோல.

பின்னறைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். புதுக் கோப்பு. அட்டையில் அவருடைய குண்டு எழுத்தில், "42. முதலாளி." உள்ளே மூன்று கடிதங்களும் தேதி முத்திரையோடு வரிசையாக இருந்தன. கூடவே முதலாளி இந்த நான்கு மாதத்தில் பிரிவுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளும். தேநீர் நேரம் பதினொரு மணியிலிருந்து பத்தரைக்கு மாற்றப்படுகிறது என்று ஒன்று. நான்கு மாதமாகப் பதினொரு மணிக்குப் போய் ஆறிப்போன தேநீரைக் குடித்து, தேநீர்க்காரரின் பரம்பரையையே அக்காவும் அண்ணனும் திட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

"மேல பாத்தேன், பெறுநர் முதலாளி. கீழ பாத்தேன், மிகுந்த மரியாதையுடன். உங்க கையெழுத்தும் இருந்தது" என்றார் அண்ணன். "கோப்புக்குப் போற நகல்லதானே நீங்க கையெழுத்துப் போடுவீங்க. சரி, முதலாளியையும் சேத்துட்டீங்க போலன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?"

அண்ணன் யோசித்தார். "இல்ல அக்கா. ஏன் இவ்வளவு நாளாச்சுன்னுதான் தோணிச்சு."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் பத்தொன்பது வருடம் செய்த மனிதர். அவளுடைய கையெழுத்தைப் பார்த்தால் இது வெளியே போகாத தாள் என்று அவருக்கு மட்டுமா, கம்பெனியில் யாருக்குமே தோன்றியிருக்கும். அதை நினைத்தபோதுதான் நிஜமாக வலித்தது.

ஒரு நிமிஷம் வேறு ஒரு வழியும் மனதில் ஓடியது. நியமனக் கடிதத்தை எழுதி "மிகுந்த மரியாதையுடன்" என்று முடித்து அண்ணன் கையில் கொடுத்தால் போதும். மச்சினி மகன் நாற்பத்து மூன்றாம் எண்ணாக நிம்மதியாக உறங்குவான். நல்ல யோசனைதான், ஆனால் அதனால் அவளுடைய கடிதம் மேலே போய்விடாது. கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோப்போடவா? அட்டையைக் கிழிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க அக்கா" என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "ரிட்டயராக எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"பேசாம இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். அட்டை இல்லாமல் இந்தக் கதையை எந்த மனிதனும் நம்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளி மூன்று கடிதங்களையும் படித்தார். தேதி முத்திரைகளைப் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, நாப்பத்திரண்டு, முதலாளி?"

"பதில் எழுத வேண்டாதவங்க பட்டியல் சார்."

"அப்படீன்னா?"

அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் அழகான வாக்கியம் ஒன்று போட்டிருக்கலாம். 'நிர்வாக வசதி கருதி' என்று ஆரம்பித்தால் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் முடிக்கலாம். "பைத்தியங்க சார்" என்றாள்.

முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார். "நான் மட்டுமா?"

"உங்களோட சேத்து நாப்பத்திரண்டு பேர்." ஒற்றைக்கால்காரரைப் பற்றிச் சொன்னாள். முறையைச் சொன்னாள், மூன்று முடிவுகளையும் சொன்னாள். "யார் இதை அலமாரில வெச்சது?" என்று அவர் கேட்டபோது, "நான் சொன்னபடி வெச்சாங்க. தப்பு என்னோடது" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தவறுகளுக்கு அவள் வருந்தி எழுதியிருக்கிறாள். எல்லாம் 'நேர்ந்துவிட்ட' தவறுகள், யாரும் செய்தவை அல்ல. இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

முதலாளி சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வீடு ஞாபகம் வந்ததோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சரிம்மா. உங்கள் விண்ணப்பம் எனது கனிவான பரிசீலனையில் இருக்கும்."

"சார்," என்றாள் அக்கா, "அந்த வார்த்தையை உங்களுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

முதலாளி கோப்பை மூடி, மறுபடி திறந்தார்.

"அப்ப என்னதான் சொல்லச் சொல்றீங்க?"

"ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. இல்லன்னா ஏன் இல்லன்னு எழுத்துல குடுங்க. நம்ம கம்பெனி வழக்கம் அதுதானே."

கீழே இறங்கினாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, இன்னிக்கு மேலேருந்து எது வந்தாலும் நேரா என்கிட்ட குடுங்க" என்றாள். நியமனக் கடிதத்தின் முதல் வரி திரையில் பாதியில் நின்றிருந்தது. அதைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முதல் தாள் வந்தது. முதலாளி தன் கையாலேயே எழுதியிருந்தார். "தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். தாங்கள் இப்பதவிக்குப் போதிய அனுபவம் பெற்றிருக்கவில்லை." படித்ததும் அவளுக்குக் கோபம் வருவதற்குள் சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம். ஓரத்தில் எழுதினாள்: "வருந்துகிறேன் என்பதை முதலிலேயே போடக் கூடாது, படிக்கிறவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அனுபவம் இருபத்திரண்டு வருடம். எண்ணிப் பார்க்கவும்." அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

ஒன்றரைக்கு இரண்டாவது. "கம்பெனியின் நலன் கருதி, தற்போதைய ஏற்பாட்டில் மாற்றம் செய்ய இயலாத நிலையில் உள்ளோம்." சிவப்புப் பேனா மறுபடி இறங்கியது. "ஒரே ஆள் எழுதும்போது 'உள்ளோம்' எதற்கு? கம்பெனியின் நலன் கருதி என்பதை, சொல்ல வேறு காரணம் இல்லாதபோது நான் போடுவேன். காரணம் இருந்தால் அதை எழுதவும்."

"மேல குப்பைத்தொட்டி ரொம்பிடுச்சு அக்கா" என்று வந்து சொன்னார் அண்ணன். "கசக்கிக் கசக்கிப் போடறாரு. வீட்டம்மா போன் பண்ணினாங்க, எடுக்கல."

இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. அக்காவுக்கு ஒரு கடிதமும் எழுத ஓடவில்லை. கிடைக்காது என்று மனம் பாதி சொல்லிவிட்டது. கிடைக்காவிட்டாலும் காரணம் எழுத்தில் வரட்டும், அதையாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று மீதிப் பாதி பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. மச்சினி மகன் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் எழுதியதற்குக் கீழே சுழித்துச் சுழித்துப் போடப்போகும் கையெழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. ஓய்வு பெறும்வரை இன்னும் ஆறு வருடம் அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றே காலுக்கு மூன்றாவது தாள் வந்தது. பெறுநர் இல்லை, பொருள் இல்லை, பார்வை இல்லை. எழுத்து மேலும் கீழுமாக ஏறி இறங்கியிருந்தது.

"எனக்கு எழுத வராது. அப்பா இருந்தபோதும் வராது. நீங்கள் தலைவராகி மற்றவர்களை எழுத வைத்துவிட்டால் எனக்கு யார் எழுதுவார்கள் என்று பயம். அவன் வந்தால் நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருப்பீர்கள். அதுதான் காரணம்."

அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து ஒரு முறை, கடைசி வரியிலிருந்து ஒரு முறை படித்தாள். பேனாவை மூடிவிட்டாள். தன்னை அதே இடத்தில் உட்கார்த்தி வைக்கப் பார்த்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஐம்பத்தாறு வயதில் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று பாவமாகவும் இருந்தது. நீலப் பேனாவை எடுத்து அதே தாளின் அடியில் எழுதினாள்.

"இதில் திருத்த எதுவும் இல்லை. நான் எங்கேயும் போகவில்லை, இனியும் உங்களுக்கு நான்தான் எழுதுவேன். புகார்க் கடிதங்களில் மட்டும் என் பெயர் போட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கும் அந்தப் பையனுக்கும் எழுத வேண்டிய கடிதங்களை இப்போதே எழுதித் தருகிறேன். பதவி கிடைக்கவில்லை என்பதே அவனுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைக்கும்."

அண்ணன் மேலே போனார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை, மூன்று நாற்பது. தபால் பையைக் கட்டுகிறவர் வந்து எட்டிப் பார்த்து, "மேலேருந்து ஏதோ நியமனக் கடிதம் இருக்குன்னாங்களே?" என்றார். "கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா.

அண்ணன் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒரு தாளை மேலும் கீழும் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கம்பெனிப் பெயர் அச்சிட்ட நல்ல தாள். நடுவில் "சரி" என்று ஒரு வார்த்தை, அதன் கீழே முதலாளியின் கையெழுத்து. வேறு ஒன்றும் இல்லை. மேலே, பெறுநர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயரையும், தப்பில்லாமல், மெதுவாக எழுதியிருந்தார்.

"அக்கா, இதுல கடைசி வரியே இல்ல. இதை எங்க வைக்கறது?"

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"எங்கயும் வைக்க வேண்டாம்ணே. இது எனக்கு வந்தது."